பழுது என்ற பலகை

விடியற்காலையில் அந்தக் கடைத்தொகுதியின் கீழ்த்தளக் கழிப்பறைகள் நீலமாக இருக்கும். நீலக் குழல்விளக்குகளைத்தான் பொருத்தியிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் கை நரம்பு தெரியாது, ஊசி போடுகிறவர்கள் வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அவர்கள் போகவில்லை. நரம்பைத் தேடித் தேடிக் கண்ட இடத்தில் குத்திக்கொண்டார்கள். எங்களுக்குத்தான் கண் தெரியாமற் போனது. இரத்தமும் கறுப்பு, ஊத்தையும் கறுப்பு. முகர்ந்து பார்த்துத்தான் எது எதென்று அறிவோம்.

முழங்காலுக்குக் கீழே ஒரு பழைய துவாயை மடித்துப் போட்டுக்கொண்டு கழிப்பறைக் கோப்பைகளின் அடியைத் தேய்ப்பேன். அமிலத் திரவத்தின் நெடி தொண்டையைப் பிடிக்கும். கையுறைக்குள் விரல்கள் அவித்த கிழங்கு மாதிரி ஊதிக் கிடக்கும். கோப்பைக்குப் பின்னால் விழுந்துகிடக்கும் ஊசிகளை நீள இடுக்கியால் எடுத்து மஞ்சள் டப்பாவுக்குள் போட வேண்டும். மேல்தளத்தில் றெஜினோல்ட் அண்ணை தரை கழுவும் இயந்திரத்தை ஓட்டுவார். அதன் உறுமல் கூரை வழியாக முதுகெலும்புக்குள் இறங்கும். கடைகள் திறப்பதற்கு முன் எல்லாம் காய்ந்து பளபளக்க வேண்டும். காயாவிட்டால் எங்கள் முதலாளி ஞானப்பிரகாசம் வந்து, சப்பாத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து காட்டுவார்.

எங்கள் ஒவ்வொருவருடைய தள்ளுவண்டியிலும் ஒரு சிவப்புப் பலகை இருந்தது. 'பழுது' என்று ஜேர்மன் மொழியில் எழுதியிருக்கும். ஒரு கதவு உள்ளே பூட்டியிருந்தால் தட்ட வேண்டும். பதில் இல்லாவிட்டால் பலகையைக் கைபிடியில் தொங்கவிட்டு அடுத்ததுக்குப் போய்விட வேண்டும். காவலாளி தனக்கு நேரம் கிடைக்கும்போது வந்து பார்ப்பான். இது ஞானப்பிரகாசத்தின் முறை. கடைத்தொகுதிகளிலும் ரயில் நிலையங்களிலும் அவரிடம் வேலை செய்த எல்லாத் தமிழருக்கும் இதுதான் முதல் பாடம். ஒரு கதவுக்கு முன்னால் நின்று மினக்கெட்டால் மற்றக் கதவுகள் தவறிப்போகும்.

அடுத்த அறையில் சுந்தரேஸ்வரி வேலை செய்வாள். என்னைவிட வயதில் இளையவள். ஊரில் பளையில் பிறந்தவள், இங்கே நொய்கெல்ன் முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் மாலை கட்டுகிறவள். வேலைக்கு நடுவில் அவளுடைய கைத்தொலைபேசி அடிக்கும். தோளுக்கும் காதுக்கும் இடையில் அதை இடுக்கிக்கொண்டு தேய்த்தபடியே கத்துவாள்.

"எடேய் ராசன், இன்னும் எழும்பேல்லையோ? உனக்கு டொக்டரிட்டை போற நாள் இண்டைக்கு. சோறு கறி எல்லாம் மேசையில கிடக்கு, மூடி திறக்கிறதுக்கும் ஆள் வரோணுமோ? மாடு! எருமை!"

நான் தூரிகையை இன்னும் பலமாகத் தேய்ப்பேன். அவளுக்குத் திட்டுவதற்கு ஒரு பிள்ளை இருந்தது.

என்னுடைய லக்ஸன் இரண்டாயிரத்தொன்றாம் ஆண்டின் குளிரில் செத்துப்போனான். நகரின் மறுகரையில் ஒரு ரயில் நிலையக் கழிப்பறையில். ஹெரோயின். செய்தி சொல்ல வந்த பொலிஸ்காரி கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கதவில் 'பழுது' என்ற பலகை தொங்கியதால் மாலைவரை யாரும் திறந்து பார்க்கவில்லை என்றாள். அவளுக்கு என் தொழில் தெரியாது. யாரோ என்னைப் போன்ற ஒருத்தி, கையுறை போட்ட கையால் அந்தப் பலகையைத் தொங்கவிட்டு அடுத்த கதவுக்குப் போயிருக்கிறாள்.

அடக்கத்தன்று ஞானப்பிரகாசம் தேவாலய வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் மாரடைப்பு என்று சொன்னார். அவர் கோயிற்சபைத் தலைவர். கேவலார் மாதாவிடம் போகும் யாத்திரை பஸ்சை ஆண்டுதோறும் ஒழுங்குசெய்கிறவர். அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. பொலிஸ் தந்த பையை, லக்ஸனின் மேற்சட்டையோடு அப்படியே அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். மேற்சட்டைப் பைக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியும், பெட்டிக்குள் ஊசியும் கண்ணாடிக் குப்பியும் இருந்தன. அவனைக் கொன்ற சாமான் என்று நினைத்தேன். எறியவும் கை வரவில்லை, தொடவும் கை வரவில்லை.

அடுத்த ஆண்டு சுந்தரேஸ்வரியின் ராசனும் அதே நஞ்சில் விழுந்தான். ஒரு சிநேகிதனின் அறையில், உதடு நீலமாகி, மூச்சு நின்று கிடந்தான். அங்கே அன்னா என்றொரு ஜேர்மன் பிள்ளை இருந்தாள். அவள் அவனுடைய வாயில் ஊதி, தொடையில் ஒரு மருந்தைப் போட்டாள். சிறிது நேரத்தில் ராசன் எழும்பி உட்கார்ந்து அவளைத் தூஷணத்தால் ஏசினானாம்.

இதைச் சுந்தரேஸ்வரி ஒளிக்கவில்லை. மாலை கட்டும்போதும் சொன்னாள், பஸ்சிலும் சொன்னாள், எங்கள் உடைமாற்றும் அறையில் சப்பாத்துக்கு நாடா கட்டியபடியும் சொன்னாள். பிழைத்த பிள்ளையின் தாய்க்கு உண்மை பேசவும் வசதி இருந்தது. நான் என்ன நேர்த்திக்கடன் வைக்காமல் விட்டேன், இவள் எதை வைத்தாள் என்று இரவில் கிடந்து யோசிப்பேன். ராசன் மெலிந்துபோனான் என்று அவள் கவலைப்பட்டாலும் எனக்கு வயிறு எரியும். மெலிவதற்கு ஒரு உடம்பு இருக்கிறதே.

பிறகு அவள் ஒரு பயிற்சிக்குப் போகத் தொடங்கினாள். கொட்புசர் தோர் பக்கத்தில், போதைக்காரருக்கு உதவும் ஒரு நிலையத்தில், அந்த மருந்தைப் போடவும் மூச்சு ஊதவும் சொல்லிக்கொடுத்தார்கள்.

"நீங்களும் வாங்கோ அக்கா. எங்களுக்குத்தானே இது முதல் தேவை. காலமை முதல் கதவு திறக்கிறது நாங்கள்தானே."

"எனக்கு ஏலாது. சனிக்கிழமையில பூசை."

சனிக்கிழமையில் எனக்குப் பூசை இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

பங்குனி மாதத்தில் ஒரு விடியலில் அது நடந்தது. அடுத்த அறையில் அவள் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பவும் தட்டினாள். பலகை கைபிடியில் மோதும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. ஒரு சில்லறைக் காசைப் பூட்டின் பிளவுக்குள் வைத்து அவள் திருகினாள். அந்தப் பூட்டுகளை வெளியிலிருந்து அப்படித் திறக்கலாம். எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் செய்வதில்லை.

"அக்கா! ஓடி வாங்கோ! காலைப் பிடியுங்கோ!"

ஒரு இளந்தாரி, வெள்ளைக்காரன். சுவருக்கும் கோப்பைக்கும் நடுவில் மடிந்து கிடந்தான். நித்திரை போலத்தான் இருந்தது.

"படுத்திருக்கிறான் போல," என்றேன்.

"உந்த வெளிச்சத்தில எனக்கும் உங்களுக்கும்கூடச் சொண்டு நீலம்தான். வெளியில இழுப்பம்."

வாசலைத் தாண்டி, கடைகளுக்கு முன்னால், வெள்ளை வெளிச்சத்தில் அவனைப் போட்டோம். அப்போதுதான் பார்த்தேன். அவனுடைய உதடுகள் உண்மையாகவே நீலமாக இருந்தன. அவள் அவனுடைய பைகளைத் தடவினாள், ஒன்றும் இல்லை. அம்புலன்சுக்கு அடிக்கச் சொன்னாள். மூக்கைப் பொத்தி, ஒரு பிளாஸ்டிக் மறைப்பை அவன் வாயில் வைத்து ஊதினாள். அவன் நெஞ்சு எழும்பியது. விழுந்தது. அம்புலன்ஸ் வரும்வரை அவள் நிறுத்தவில்லை. அவர்கள் ஊசி போட்ட பிறகு அவன் இருமினான். யாரோ ஒரு தாயின் பிள்ளை இருமுவதைக் கேட்டுக்கொண்டு நான் சுவரோடு நின்றேன். நல்லது என்று நினைக்க எனக்கு நேரம் எடுத்தது.

அந்த நேரம் கடைகள் திறந்துவிட்டன. பாண் வாங்க வந்தவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். தொகுதியின் நிர்வாகி ஞானப்பிரகாசத்துக்குத் தொலைபேசி எடுத்தான்.

அவர் வந்து, உடைமாற்றும் அறைக் கதவைச் சாத்தினார்.

"சுந்தரேஸ்வரி, இதென்ன கூத்து? ஆற்றை பிள்ளையெண்டு இழுத்துக்கொண்டு வந்து நடு வாசல்ல போட்டனீர்?"

"ஆற்றையோ பிள்ளைதான் அண்ணை."

"பலகை எதுக்குத் தந்தது?"

"பலகை போட்டிருந்தா அவன் செத்திருப்பான்."

"நாங்கள் கக்கூஸ் கழுவ வந்த ஆக்கள். ஆஸ்பத்திரி நடத்த வரேல்லை. பிழைச்சான், சரி. செத்திருந்தா? கை வைச்சது தமிழச்சி எண்டு பொலிஸ் என்னைத்தானே பிடிக்கும். ஒப்பந்தம் போச்செண்டா இவ்வளவு சனத்துக்கும் சோறு போடுறது ஆர், உம்மட முருகனோ?"

"முருகனை விடுங்கோ. சோறு நாங்கள் உழைச்சுத்தான் தின்னுறம்."

அவருடைய முகம் இறுகியது.

"நாளையிலையிருந்து வராதையும்."

அவள் கையுறையைக் கழற்றி, வாளியின் விளிம்பில் போட்டுவிட்டுப் போனாள். ஞானப்பிரகாசம் என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"கொறற்றி, தங்கச்சி. திங்கட்கிழமை விடியவே நிர்வாகி வாறான். சுந்தரேஸ்வரி எப்பவும் தன்ரை வேலையை விட்டிட்டு இப்பிடி அலையிறவ எண்டு நீங்கள் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்களை மேற்பார்வைக்குப் போடுறன். முழங்கால்ல நிண்டது காணும். லக்ஸன்ரை அலுவலில நான் எப்பிடி நிண்டனான் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

நான் அவள் விட்டுப்போன கையுறையை எடுத்து வாளிக்குள் போட்டேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார். பஸ்சில் வரும்போது எனக்குள் ஒரு சின்ன இனிப்பு இருந்தது. அவளுக்கும் ஒன்று இல்லாமற் போகட்டும். பிள்ளை இருக்கிறது, வேலையாவது போகட்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சுந்தரேஸ்வரி என் வீட்டுக் கதவைத் தட்டினாள். வேலையைப் பற்றிக் கெஞ்ச வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"இனி அந்தப் பக்கத்துக் கதவுகளும் உங்களுக்குத்தான் வரும் அக்கா. நான் இல்லாத நேரம் ஒருத்தன் விழுந்து கிடந்தா நீங்கள்தான் பாக்கோணும். நாளைக்கு ஒருக்கா வாங்கோ. றெஜினோல்ட் அண்ணையும் அன்ரனிற்றாவும் வருகினம்."

போனேன். கற்றுக்கொள்ளப் போகவில்லை. அந்த அன்னாவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ராசனுக்குக் கிடைத்து, லக்ஸனுக்குக் கிடைக்காத அந்தக் கை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

ஒரு சிறிய அறை. வட்டமாகக் கதிரைகள். நடுவில், தரையில் ஒரு றப்பர் பொம்மை. ஐந்தாறு போதைக்காரர், ஒரு துருக்கித் தாய், பிறகு நாங்கள். அன்னா ஒல்லியானவள். நகங்களைக் கடித்துக் கடித்துக் கட்டையாக்கியிருந்தாள். பாதி உரிந்த கறுப்புப் பூச்சு. ஒரு தெய்வத்தின் கை மாதிரி அது இல்லை என்பது எனக்குக் கோபமாக இருந்தது.

அவள் சொல்லச் சொல்ல, ஜேர்மன் அவ்வளவாக விளங்காத றெஜினோல்ட் அண்ணைக்காகச் சுந்தரேஸ்வரி தமிழில் சொன்னாள்.

"முதல்ல கத்திக் கூப்பிடோணும். பிறகு நெஞ்செலும்பில விரல் முட்டியால உரஞ்சோணும். எழும்பேல்லையெண்டா அம்புலன்சுக்கு அடிக்கிறது. மூச்சு ஊதுறது. அதுக்குப் பிறகுதான் மருந்து. காற்சட்டைக்கு மேலாலயே தொடையில போடலாமாம். கொஞ்சம் போட்டுட்டுப் பாக்கோணும். எழும்பினா ஏசுவினம், நல்லாத்தானே இருந்தன் எண்டு. ஏச்சை வாங்கிக்கொண்டு பக்கத்திலயே இருக்கோணும். மருந்தின்ரை வேலை முதல்ல முடிஞ்சு போம், உள்ளுக்க இருக்கிற சாமான் திருப்பி விழுத்தும்."

"உந்தப் பொம்மைக்கு வாய் வைக்க என்ரை மனிசி விடுவாவோ தெரியாது," என்றார் றெஜினோல்ட் அண்ணை, குனிந்தபடி.

"அவவே பிடிச்சுத் தள்ளிவிடுவா, ஊதும்," என்றாள் அன்ரனிற்றா. அவள் மேல்தளத்துக் கண்ணாடிகளைத் துடைக்கிறவள். யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசாதவள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஊதினார். பொம்மையின் நெஞ்சு எழும்பவில்லை. தலையை இன்னும் பின்னால் சாய்க்கச் சொல்லி அன்னா காட்டினாள். எழும்பியது. அந்த மனிதர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அன்னா தன் பையிலிருந்து அந்த மருந்தை எடுத்தாள். நலோக்ஸோன்.

"இதை டொக்டர் எழுதித் தந்த ஆள்தான் வைச்சிருக்கலாமாம்," சுந்தரேஸ்வரி தொடர்ந்தாள். "ஆனா உயிர் போற நேரத்தில பக்கத்தில நிக்கிற ஆரும் போடலாம். தனக்குத் தானே போட ஏலாது பாருங்கோ, விழுந்தவனுக்கு நினைவிருக்காதே. அதுதான் பெட்டியை மேற்சட்டைப் பைக்குள்ள வையுங்கோ, மற்ற ஆள் தடவி எடுக்கட்டும் எண்டு எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கிறா..."

அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. அன்னாவின் கையில் இருந்தது ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஊசி. கண்ணாடிக் குப்பி.

எல்லாரும் கோப்பி குடிக்க எழும்பியபோது அன்னாவிடம் போய், என்னுடைய உடைந்த ஜேர்மனில் கேட்டேன்: "லக்ஸன். தமிழ்ப் பெடியன். உயரம். தெரியுமா?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். தெரியும் என்றாள். அந்த யன்னலோரக் கதிரையில் இருந்தவன் என்றாள். தன் அம்மா கழிப்பறை துப்பரவாக்குகிறவர், அவரையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டவன் என்றாள்.

அவன் என்னிடம் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் பூசை என்று சொல்லியிருப்பேனோ, தெரியாது.

வீட்டுக்கு வந்து அலுமாரியை இழுத்தேன். மேற்சட்டையில் இன்னும் அவனுடைய மணம் கொஞ்சம் இருந்தது. குப்பி உடையவில்லை. அதன் கழுத்தில் எழுதியிருந்த திகதி இன்னும் முடியவில்லை. அவனைக் கொன்ற சாமான் என்று நான் ஒளித்துவைத்தது, அவன் தன்னைக் காப்பாற்றச் சொல்லிச் சட்டைப்பையில் கொண்டு திரிந்த மருந்து. ஒரு கை போதுமாக இருந்தது. கதவுக்கு வெளியே ஒரு கை வந்தது. அந்தக் கையில் ஒரு பலகையைக் கொடுத்திருந்தார்கள்.

மாதா எனக்கு ஓரவஞ்சனை செய்தாள் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். செய்தவர்களின் பெயரும் விலாசமும் எனக்குத் தெரியும். அவர்களிடம்தான் நான் வேலை செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சுந்தரேஸ்வரியிடம் போய், ஞானப்பிரகாசம் கேட்டதைச் சொன்னேன். அவள் அதிரவில்லை.

"எனக்கு உது புதுசில்லை அக்கா. போன வருசம் உங்களைப் பற்றி என்னட்டைக் கேட்டவர். நீங்கள் கக்கூசுக்க இருந்து அழுறனீங்கள், வேலை நடக்கேல்லை எண்டு சொல்லச் சொன்னவர்."

"நீ என்ன சொன்னனி?"

"அவ அழுதாலும் ஊத்தை போகுது எண்டு சொன்னன்."

அன்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு றெஜினோல்ட் அண்ணைக்கும் அன்ரனிற்றாவுக்கும் அறிவித்தோம்.

திங்கட்கிழமை விடியலில் இயந்திரம் உறுமவில்லை. கீழ்த்தளத்தில், நகரும் படிக்கட்டின் அடியில் எல்லாரும் நின்றோம். தள்ளுவண்டிகளை வரிசையாக விட்டிருந்தோம். சுந்தரேஸ்வரி தன் பழைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் நடுவில் நின்றாள். ஞானப்பிரகாசம் வந்தார், அவளைக் கண்டதும் நின்றார்.

"இவவை ஆர் உள்ளுக்க விட்டது?"

"நான்," என்றார் றெஜினோல்ட் அண்ணை.

"நீருமோ? கொறற்றி, நிர்வாகி வந்துகொண்டிருக்கிறான். உங்களோட நான் ஒண்டு கதைச்சனான் என்ன?"

"ஓம் அண்ணை, கதைச்சனீங்கள். இஞ்ச எல்லாருக்கும் தெரியும் என்ன கதைச்சதெண்டு."

என் வண்டியிலிருந்து சிவப்புப் பலகையைக் கழற்றினேன். அவருடைய பளபளத்த சப்பாத்துக்கு முன்னால் தரையில் வைத்தேன். அன்ரனிற்றா தன்னுடையதை அதன் மேல் வைத்தாள். பிறகு மற்றவர்கள். பிளாஸ்டிக்கில் பிளாஸ்டிக் விழும் சத்தம் வெற்றுத் தளத்தில் பெரிதாகக் கேட்டது.

"இனி ஒரு கதவிலும் நாங்கள் இதைப் போடமாட்டம். பூட்டின கதவைத் திறந்து பாப்பம். பயிற்சிக்குப் போக எல்லாருக்கும் நேரம் தாங்கோ. உந்த நீல லைற்றைக் கழட்டச் சொல்லுங்கோ. சுந்தரேஸ்வரி வேலையில நிக்கோணும். அதுவரைக்கும் வாளியில தண்ணி விழாது."

"என்ன, ஆளாளுக்கு டொக்டராகிட்டியளோ? தெருவில கிடக்கிற குடிகேடியளுக்காக உங்கடை குடும்பங்களைப் பட்டினி போடப் போறியளோ? அவங்கள் உங்களுக்கு என்ன உறவு?"

"என்ரை மகன் அண்ணை."

அவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, உதை ஏன் இப்ப..."

"மாரடைப்பில்லை. லக்ஸன் கக்கூசுக்க விழுந்து செத்தவன். கதவில உந்தப் பலகை தொங்கினது. அவன்ரை பையில மருந்து இருந்தது. எடுத்துப் போட ஒருத்தரும் இல்லை."

அன்ரனிற்றா என் முழங்கையைப் பிடித்தாள். ஞானப்பிரகாசம் தலையைத் திருப்பி, குவிந்துகிடந்த பலகைகளைப் பார்த்தார். "எல்லாரையும் நிப்பாட்டுவன்," என்றார். குரலில் பழைய பலம் இல்லை. ஆனாலும் செய்யக்கூடிய மனிதர்தான். அது எங்களுக்குத் தெரியும்.

மேலே கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிர்வாகியின் கார் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துச் சுந்தரேஸ்வரியின் தொலைபேசி அடித்தது.

"எடேய், வேலை நேரத்தில எடுக்காதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது? சீனி அந்த நீல மூடிப் போத்தலுக்க."

"வேலையால நிப்பாட்டின ஆளுக்கு வேலை நேரமாம்," என்றார் றெஜினோல்ட் அண்ணை. பயத்தோடு நின்ற எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

எனக்கு வழக்கமான இடத்தில் எரிந்தது. அது இன்றைக்கும் எரிகிறது. அவள் கிழவியாகி, ராசன் அவளைக் கைபிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப் போகும்போதும் எரியும். நான் அவளிடம் கையை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியைத் தந்தாள்.

"ராசன், நான் கொறற்றி அன்ரி. பெட்டி எங்க வைச்சிருக்கிறாய்?"

"மேற்சட்டைப் பைக்குள்ள அன்ரி."

"இப்ப தொட்டுப் பார்த்துச் சொல்லு."

ஏதோ உரசும் சத்தம் கேட்டது. "இருக்கு அன்ரி."

தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றேன். நிர்வாகியின் சப்பாத்துகள் நகரும் படிக்கட்டில் இறங்கி வந்தன. எங்களில் ஒருவரும் அசையவில்லை.